வேம்பு கொடுத்த தண்டனை

ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடும்போதே வேம்பு முடிவு செய்துவிட்டாள். இன்றைக்கு சுயம்பு ஏதாவது தப்பு செய்தால் விடுவதில்லை. தப்பு செய்யாவிட்டாலும் ஏதாவது கிடைக்காமலா போகும்?

“சோத்துக்கு வந்துடுவியா?” என்று கேட்டார் வரதன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஞாயிறு அவருக்கு விடுமுறை.

“ரேஸ் முடியணும். விசாரணை எதுனா வந்தா அதுவும் முடியணும்.”

“வருமா?”

“வரட்டும்,” என்றாள் வேம்பு.

திருவொற்றியூரில் அந்த மாடி வீட்டில் இரண்டு வருடமாக இந்தப் பேச்சுதான். இரண்டு வருடத்துக்கு முன், மீஞ்சூரைத் தாண்டிப் பழவேற்காடு சாலையில் இருக்கும் கார் பந்தயத் தடத்தில், அவர்களுடைய ஒரே மகன் பீம்ராவ் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தான். மூன்றாம் வளைவில் சுயம்புவின் கார் பின்னாலிருந்து வந்து மோதியது. பீம்ராவின் கார் சுவரில் போய் அடித்தது. இடுப்பெலும்பு உடைந்தது. விசாரணையில் சுயம்பு “பிரேக் பிடிக்கல” என்று ஒரே வார்த்தை சொன்னான். அன்றைய நடுவர்கள் நம்பிவிட்டார்கள். யார் மேலும் தப்பில்லை என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

வேம்பு அப்போது அதே தடத்தில் கொடி பிடித்துக்கொண்டிருந்தாள். வாரநாட்களில் பெரம்பூர் ரயில்பெட்டிப் பணிமனையில் வெல்டர். பந்தய நாட்களில் வளைவோரம் வெயிலில் நின்று, ஆபத்து என்றால் மஞ்சள் கொடி காட்டுகிற வேலை. மகன் மோதி விழுந்த அன்று மஞ்சள் கொடியைக் காட்டியதும் அவள்தான். அதற்குப் பிறகு படித்தாள், பரீட்சை எழுதினாள். இந்த வருடம் நடுவர் ஆனாள். எதற்காக என்று யாரும் கேட்கவில்லை. வரதனுக்குத் தெரியும்.

தடத்துக்கு வந்து சேர்ந்ததும் தலைமை நடுவர் சௌக்கத் அலி அவளைத் தனியாக அழைத்தார்.

“வேம்பு, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. சுயம்பு மேல இன்னிக்கி எதுனா வந்துச்சின்னா நீ ஒதுங்கிக்கிறியா? வேற ஆள உக்கார வெச்சிக்கலாம்.”

“எதுக்கு பாய்?”

“உன் புள்ள விஷயம் இருக்கே.”

“என் புள்ள ரேஸை வுட்டே ரெண்டு வருஷம் ஆச்சி. எம்மனசுல ஒண்ணியும் இல்ல பாய். தப்புன்னா தப்பு, இல்லன்னா இல்ல.”

சௌக்கத் அலி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி. உன் வார்த்தைய நம்பறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

பந்தயம் தொடங்கியபோது ராயபுரத்தில், கமாலின் பட்டறையில், பீம்ராவ் ஒரு பழைய கார் இருக்கையில் உட்கார்ந்து ஃபோனில் பந்தயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கமால் அவனுடைய பள்ளிக்கூடத்துத் தோஸ்து. பந்தயக் கார்களுக்கு இன்ஜின் வேலை பார்க்கிறவன். கமாலுக்குத் தெரிந்த, வேம்புவுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பீம்ராவ் மறுபடி ஓட்டத் தொடங்கியிருந்தான். வேலைக்கு லீவு போட்டுத் தடத்தில் பழகினான். இடுப்பு தாங்கும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த மாதப் பந்தயத்தில் காலியாக இருந்த ஒரு காரை, கமால் நாலு பேரிடம் பேசி அவனுக்கு வாங்கிக் கொடுத்திருந்தான். அந்த ஒரு பந்தயத்துக்கு மட்டும்.

ஃபோன் திரையில் அப்சல் முதலாவதாகவும் சுயம்பு அவனை ஒட்டியும் மூன்றாம் வளைவை நெருங்கினார்கள். அப்சல் இடதுபக்கம் ஒதுங்கினான். சுயம்பு வலதுபக்கம் கிடைத்த இடத்தில் புகுந்தான். இரண்டு பேரும் பிரேக் பிடித்த பிறகு அப்சல் திடீரென்று வலதுபக்கம் திரும்பி வந்தான். சுயம்புவின் கார் மூக்கு அப்சலின் பின் சக்கரத்தில் இடித்தது. அப்சலின் கார் சுழன்று சரளைக்கல்லில் போய்ப் புதைந்தது. அப்சல் அடியில்லாமல் இறங்கி, ஹெல்மெட்டைத் தரையில் வீசினான். கடைசியில் சுயம்பு ஜெயித்தான்.

“பாத்தியா மாமு,” என்றான் கமால். “அதே வளைவு. அதே பேமானி. திருந்தவே மாட்டான்.”

“இல்ல. ஒரு தபா பின்னாடி ஓட்டு.”

கமால் ஓட்டிக் காட்டினான்.

“அப்சல் இடது பக்கம் போனான் பாரு. சரி, அவன் இடத்த அவன் காப்பாத்திக்கறான். பிரேக்க மிதிச்சதுக்கு அப்பால இன்னாத்துக்கு திரும்ப இந்தப் பக்கம் வரான்? பிரேக்ல கீற வண்டி எங்க போவும்? சுயம்பு கையப் பாரு. ஸ்டீயரிங்க ஒடிச்சி வெளிய இஸ்துக்கப் பாக்கறான். இடமே இல்ல. தப்பு அப்சல் மேல.”

“உன் இடுப்ப ஒடச்சவன்டா அவன். அவனுக்குப் போய் வக்காலத்து வாங்கற.”

“வக்காலத்து ஒண்ணியும் இல்ல. ரெண்டு வருஷமா அவன் ஒர்த்தனத்தான் பாத்துகினு கீறேன். படுக்கைல கெடந்தப்பகூட வேற எதையும் பாக்கல. அவன் எங்க தப்பு பண்ணுவான், எங்க பண்ண மாட்டான்னு அவன பெத்தவங்கள வுட எனுக்கு நல்லா தெரியும்.” பீம்ராவ் ஃபோனை அணைத்தான். “இந்த வருஷம் நல்லா ஓட்றான். அத்த இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா முன்னாடி ஒர்த்தன் போனா அவனுக்கு பயம் கெடையாது. பின்னாடி ஒர்த்தன் ஒட்டிகினே வந்தாத்தான் பயம். நாலு சுத்து தாங்குவான். அதுக்கு மேல கை ஆடும்.”

“அதனால?”

“அடுத்த ரேஸ்ல நான் அவன் பின்னாடியே போவேன். முந்த மாட்டேன். கண்ணாடில என் வண்டி மட்டும் தெரியணும் அவனுக்கு. அவன் கை ஆட ஆரம்பிச்சதும் மூணாவது வளைவுல வுள்ள பூந்து போயிடுவேன்.”

“ஒரு இடி இடிச்சிட்டுப் போயேன்.”

“இடிச்சா அவன் அடிபட்டவன் ஆயிடுவான் மச்சி. ஊரே பாவம்னு சொல்லும். அவன் தோத்தவன் ஆவணும்.”

கமால் கையைத் துடைத்துக்கொண்டான். “அம்மாவாண்ட எப்ப சொல்லுவ?”

“இன்னிக்கி சாயங்காலம் சொல்லிடறேன்.”

*

நடுவர் அறையில் சௌக்கத் அலி நடுவில், இடப்பக்கம் வேம்பு, வலப்பக்கம் சாரா. சாரா இளையவள், நடுவராக இதுதான் அவளுக்கும் முதல் வருடம். அப்சல் வந்து தன் பக்கத்தைச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். சௌக்கத் அலி வீடியோவை மறுபடி ஓட்டினார்.

“வண்டி எங்க போயி நின்னுச்சின்னு பாக்காதீங்க. ஓட்டறவன் கை என்ன பண்ணுச்சின்னு பாருங்க,” என்றார். எப்போதும் அவர் சொல்வதுதான்.

வேம்புவுக்கு முதல் முறை பார்த்தபோதே தெரிந்துவிட்டது. சுயம்பு மேல் தப்பில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

சுயம்பு உள்ளே வந்தான். பந்தய உடுப்பு வியர்வையில் நனைந்திருந்தது. ஜெயித்த களை முகத்தில் இல்லை.

“அவர் ரெண்டு தடவை நகர்ந்தார் சார். ரெண்டாவது தடவை நகர்ந்தப்ப நான் பிரேக்ல இருந்தேன். எனக்குப் போக இடமே இல்ல.”

வேம்பு பேனாவை மேசையில் வைத்தாள். தூக்குப் படுக்கையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடும்போது பீம்ராவும் இதைத்தான் சொன்னான். எனக்குப் போக எடமே இல்லம்மா. அன்றைக்கு அதைக் கேட்க ஒரு நடுவர் இல்லை.

“நான் ஒண்ணு கேக்கலாமா?” என்றாள்.

சௌக்கத் அலி தலையசைத்தார்.

“போன ரேஸ்ல ரெண்டாவதா வந்தீங்க. அதுக்கு முந்தின ரேஸ்ல பாதியிலயே நின்னுட்டீங்க. இன்னிக்கி ஜெயிக்கலன்னா இந்த வருஷப் பட்டம் கையவுட்டுப் போயிடும். அந்த பாரம் உங்க தலைல இருந்துச்சா?”

“எல்லார் தலையிலயும் இருக்கும் மேடம்.”

“உங்க தலைல இருந்துச்சா?”

சுயம்பு யோசித்தான். “இருந்துச்சு.”

“போதும்,” என்று வேம்பு எழுதிக்கொண்டாள்.

அவன் வெளியே போனதும் சாரா மெதுவாகச் சொன்னாள். “எனக்கு அப்சல் மேலதான் தப்புன்னு படுதுக்கா. பிரேக் பிடிச்ச பிறகு நகரக் கூடாதில்லையா?”

“நீ சொல்றது சரிதான் சாரா. வீடியோல அப்டித்தான் தெரியும்.” வேம்புவின் குரலில் அவசரம் இல்லை. “ஆனா அந்த வளைவுல நின்னு கொடி புடிச்சவ நான். கடல்காத்து அடிச்சா வுள் பக்கம் மணல் படியும். இன்னிக்கிக் காலைல படிஞ்சிருந்துச்சி. நான் நடந்துபோயி பாத்தேன். மணல் இருந்தா சீக்கிரமா பிரேக் புடிக்கணும்னு அங்க ஓட்றவன் எல்லாருக்கும் தெரியும். இவன் புடிக்கல. பட்டம் போயிடுமேன்னு ஒரு பதட்டம். அவனே ஒத்துக்கினான். அப்சல் நகந்தது அப்பறம். இவன் லேட்டா புடிச்சது முன்னாடி.”

மணல் இல்லை. காலையில் ஆட்கள் அந்த வளைவைப் பெருக்கித் துடைத்தாற்போல வைத்திருந்தார்கள். வேம்பு அங்கே நின்றுதான் பார்த்தாள்.

சாரா தடுமாறினாள். அவள் அந்த வளைவில் ஒரு நாளும் நின்றதில்லை. “அக்கா அங்க இருந்தவங்க,” என்றாள் சௌக்கத் அலியிடம். “அவங்களுக்குத் தெரியும்.”

“பதட்டம் எல்லாருக்கும் இருக்கும்மா. பதட்டமா இருந்தான்னு தண்டிக்க முடியாது. தப்பு பண்ணானான்னுதான் பாக்கணும்.” சௌக்கத் அலி கண்ணாடியைக் கழற்றினார். “எனக்கு இதுல சம்மதம் இல்ல. ஆனா நீங்க ரெண்டு பேர். ரெண்டு பேர் சொன்னா அது தீர்ப்பு.”

சுயம்புவின் வெற்றி செல்லாது. இந்த வருடத்தில் மிச்சமிருக்கும் பந்தயங்களில் அவன் ஓட்டக் கூடாது. பட்டம் போயிற்று. இத்தனை பெரிய தண்டனை வாங்கியவனை அடுத்த வருடம் எந்த அணியும் தொடாது. இதை எல்லாம் யோசித்துத்தான் வேம்பு ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லி எழுத வைத்தாள்.

கையெழுத்துப் போடும்போது சௌக்கத் அலி நிமிராமல் கேட்டார். “காலைல உன்கிட்ட ஒண்ணு கேட்டேன்.”

“பதில் சொன்னேனே பாய்.”

“சொன்ன,” என்றார் அவர்.

வெளியே தாழ்வாரத்தில் சுயம்பு காத்திருந்தான். தீர்ப்பு அவன் கைக்குப் போயிருந்தது. மற்றவர்கள் போகட்டும் என்று நின்று, வேம்பு தனியாக வந்ததும் பக்கத்தில் வந்தான்.

“நீங்க பீம்ராவ் அம்மாதானே?”

“ஆமா.”

“அன்னிக்கி பிரேக் பிடிச்சுது மேடம். நல்லாத்தான் பிடிச்சுது. நான்தான் பிடிக்கல. பயத்துல பொய் சொன்னேன், எல்லாரும் நம்பிட்டாங்க. இன்னிக்கி நான் பொய் சொல்லல.”

வேம்பு அவனை நேராகப் பார்த்தாள். இந்த வார்த்தைக்காக இரண்டு வருடம் காத்திருந்தாள். வந்தபோது அது ஒன்றும் பெரிதாக இல்லை. அவன் கையில் மடிந்திருந்த தீர்ப்புத்தாள்தான் பெரிதாக இருந்தது.

“தெரியும்,” என்றாள். “ரெண்டும் தெரியும்.”

சொல்லிவிட்டு நடந்தாள். படி இறங்கும்போது அவளுக்கு நல்ல பசி எடுத்தது.

*

திருவொற்றியூர் ஸ்டேஷனில் இறங்கி, பேரம் பேசாமல் வஞ்சிரம் வாங்கினாள். வீட்டுக்கு வந்து முகம்கூடக் கழுவாமல் மசாலா தடவினாள். சொல்லச் சொல்ல வரதன் சமையலறை வாசலில் நின்று கேட்டார். ஒரு இடத்தைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

“பட்டமும் போச்சா?”

“போச்சி.”

“அடுத்த வருஷமும்?”

“எவன் எடுப்பான்?”

“ஆப்பு வெச்ச பாரு,” என்றார் வரதன். கண் கலங்கியிருந்தது.

பீம்ராவ் வந்து செருப்பைக் கழற்றும்போதே அவர் சொல்லிவிட்டார். “டேய், சுயம்பு கத முடிஞ்சிது. உங்கம்மா முடிச்சிட்டா.”

பீம்ராவ் அசையாமல் நின்றான். “கேள்விப்பட்டேன். கமால் சொன்னான்.” உள்ளே வந்து அடுப்பருகில் நின்றான். “இன்னான்னு எழுதினம்மா?”

“லேட்டா பிரேக் புடிச்சான்னு.”

“அவன் லேட்டா புடிக்கல. நான் பாத்தேன்.”

“வளைவுல மணல் இருந்துச்சின்னு சொன்னேன்.”

“இருந்துச்சா?”

வேம்பு மீன் துண்டைத் திருப்பிப் போட்டாள். “இல்ல.”

“இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா?” என்றார் வரதன். “அவன் சொன்ன பொய்ய வுடவா இது பெரிய பொய்யி?”

பீம்ராவ் தரையில் உட்கார்ந்தான். உட்காரும்போது இன்னமும் ஒரு கையை ஊன்றித்தான் உட்கார வேண்டியிருந்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னான். பழகியது, டாக்டர் எழுதிக் கொடுத்தது, அடுத்த மாதப் பந்தயத்தில் கிடைத்த கார், சுயம்புவின் பின்னாலேயே போகத் திட்டம் போட்டது. வேம்பு அடுப்பை அணைத்துவிட்டாள்.

“திரும்ப வண்டில ஏறப் போறியா?”

“ஏறிட்டேம்மா. எப்பவோ ஏறிட்டேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?”

“இன்னிக்கி சொல்லலாம்னு வந்தேன். அதுக்குள்ள நீ அவன ரேஸ வுட்டே தொரத்திட்ட. எனுக்கு கெடச்சது அந்த ஒரு ரேஸ்தான். அதுல அவன் இல்ல. நான் யார ஜெயிக்கறது?”

“உனுக்காவத்தான்டா பண்ணேன்.”

“எங்கிட்ட கேட்டியா?” அவன் குரல் உயரவில்லை. “ஒடஞ்சது என் இடுப்பு. ராத்திரில வலிச்சா பல்லக் கடிச்சிகினு அவன் மூஞ்சியத்தான் நெனப்பேன். அத்த வெச்சித்தான் எழுந்து நடந்தேன். நீ பேனாவால ஒரு கோடு போட்டு எடுத்துட்ட.”

பதிலுக்குக் காத்திருக்காமல் ஃபோனை எடுத்தான். கமால் அனுப்பியிருந்த சுயம்புவின் எண்ணை அழுத்தி, எல்லாரும் கேட்கும்படி தரையில் வைத்தான்.

“யாரு?”

“பீம்ராவ்.”

“அப்பீல் போடு,” என்றான் பீம்ராவ். “உன் மேல தப்பு இல்ல. மேல போனா தீர்ப்பு மாறிடும்.”

“போடப் போறதில்ல பீம்.”

“ஏன்?”

“உங்கம்மா இன்னிக்கிச் செஞ்சது சரியில்ல. அன்னிக்கி நான் தப்பிச்சதும் சரியில்ல. ரெண்டும் நேராப் போச்சுன்னு விட்டுட்டேன். நிஜமா சொல்றேன், ரெண்டு வருஷம் கழிச்சு இன்னிக்கித்தான் மனசு நிம்மதியா இருக்கு.”

வேம்பு அந்த வார்த்தையைக் கேட்டாள். நிம்மதி. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். சுயம்புவுக்குத் தான் கொடுத்தது இதுவா?

“உன் நிம்மதி எவனுக்கு வேணும்?” என்றான் பீம்ராவ். “நேராப் போச்சின்னு நீ எப்டி சொல்லுவ? அத்த நான் சொல்லணும். நான் இன்னும் சொல்லல.”

“பீம், நான் என்ன செய்யணுங்கற?”

“வண்டில ஏறு. என் முன்னாடி ஓட்டு. அப்பால பேசிக்கலாம்.”

“என்னால முடியாது,” என்றான் சுயம்பு. இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

கீழே எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

“அப்ப நானே போறேன்,” என்றான் பீம்ராவ்.

“எங்க?” என்றார் வரதன்.

“சௌக்கத் பாய் வூட்டுக்கு. நாளைக்கிக் காலைல. மணல் இல்லன்னு அம்மா வாயால சொன்னத சொல்லுவேன்.”

வரதன் எழுந்து நின்றுவிட்டார். “பெத்தவள காட்டிக் குடுத்து அந்த சோமாரிய காப்பாத்தப் போறியா? எத்தினி வருஷம் வெயில்ல நின்னு வாங்கின பதவிடா அது. ஒரே நாள்ல புடுங்கிடுவாங்க. திரும்ப கொடி புடிக்கக்கூட வுட மாட்டாங்க.”

“அவன காப்பாத்த இல்ல நைனா. அவன் வண்டில ஏறணும். அவ்ளோதான் எனுக்கு.”

வரதன் மனைவியைப் பார்த்தார். அவள் அழுவாள் என்று நினைத்தார்.

வேம்பு அழவில்லை. தட்டை எடுத்தாள். சோறு போட்டாள். பெரிய மீன் துண்டாகப் பார்த்து வைத்து, மகன் முன்னால் கொண்டுவந்து நகர்த்தினாள். அவனுக்கு எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

“போ. போயி சொல்லு. நான் மணல் இருந்துச்சின்னு திரும்ப சொல்லுவேன். சத்தியம் பண்ணச் சொன்னா சத்தியம் பண்ணுவேன். யார நம்பறாங்கன்னு பாக்கலாம்.”

“பாக்கலாம்மா.”

“இப்ப துன்னு. எம்மேல கம்ப்ளைண்ட் குடுக்கப் போறவன் வெறும் வயித்தோட போவக் கூடாது.”

பீம்ராவ் தட்டை இழுத்துக்கொண்டான். முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். அவன் கை நடுங்குகிறதா என்று வேம்பு பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்சமும் நடுங்கவில்லை.